சாட்சி வைக்காத கண்ணாடி

பிப்ரவரி 20

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் உன் வாயாடி மகளும் நலம். இங்கே நலத்துக்கு ஒரு குறையும் இல்லை. அதிகமாகவே இருக்கிறது, வேண்டுமானால் கொஞ்சம் அனுப்பிவைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நான் உண்மையில் என்னதான் வேலை செய்கிறேன் என்று கேட்டிருந்தாய். பதினோரு வருஷம் கழித்துக் கேட்கிறாய், பார். உன்னைப் பரிசோதனைக்கூட வாசலில் முட்டி போட வைக்க வேண்டும். டாக்டர்களெல்லாம் நோயாளியைப் பார்க்கிறார்கள், தங்கச்சி. உன் அண்ணன் நோயையே பார்க்கிறான்.

சீழோ சளியோ, எது வந்தாலும் ஒரு பொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவுவேன். தீயில் மூன்று தரம் காட்டி ஒட்டவைப்பேன். முதலில் ஊதாச் சாயம். அதன்மேல் அயோடின், உள்ளே போன சாயத்தை அது கட்டியாக்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஸ்பிரிட்டால் கழுவி, கடைசியாகச் சிவப்புச் சாயம். கிருமிகளில் இரண்டு வகை. ஒரு வகை கனத்த மதில் கட்டிக்கொண்டு குடியிருக்கிறது. ஸ்பிரிட் பட்டதும் அந்த மதில் சுருங்கி இறுகிவிடும். உள்ளே போன ஊதா வெளியே வர வழியில்லை. இன்னொரு வகைக்கு மதில் மெலிசு, மேலே கொழுப்புப் பூச்சு. ஸ்பிரிட் பூச்சைக் கரைத்துவிடும், ஊதா ஓடிவிடும், வெறும் உடம்போடு நிற்கிறவன்மேல் சிவப்பு ஏறும். ஊதாவுக்கு ஒரு மருந்து, சிவப்புக்கு வேறு மருந்து. எது என்று சொல்ல எங்கள் டாக்டரம்மாவுக்கு என் கண்ணாடி வேண்டும்.

இதில் வித்தை கழுவுவதில்தான். குறைத்துக் கழுவினால் எல்லாம் ஊதா, கூட்டிக் கழுவினால் எல்லாம் சிவப்பு. மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். நான் சொட்டைப் பார்க்கிறேன். சொட்டு நிறமில்லாமல் விழுகிற அந்த நொடியில் தண்ணீரைக் காட்டிவிடுவேன். இந்த முறையைக் கண்டுபிடித்தவரே எழுந்து வந்தாலும் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். போன மாதம் வெளியூர் நிபுணர்கள் ஏழு பேர் (டாக்டரம்மாவைக் கேட்டால் இரண்டு பேர் என்பார், அவருக்கு எண்ணிக்கை வராது) வந்து, "இந்தக் கண்ணாடியைப் போட்டது யாருங்க?" என்று அசந்து நின்றார்கள்.

அத்தனை திறமை இருந்தும் டாக்டரம்மா ஒரு விதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு கண்ணாடியின் ஓரத்திலும் சாட்சி வைக்க வேண்டும். நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஊதாக் கிருமி ஒரு பொட்டு, சிவப்புக் கிருமி ஒரு பொட்டு. அவை இரண்டும் சரியான நிறத்தில் வந்தால்தான் நடுவில் இருப்பதை நம்புவாராம். என்னை நம்பாமல் கிருமியை நம்புகிற ஒரே டாக்டர் உலகத்தில் இவர்தான்.

உன் மகள் பள்ளிக்கூடம் முழுக்க, "எங்க மாமாவுக்குத் தெரியாததே கிடையாது" என்று சொல்லி வைத்திருக்கிறாள். எட்டு வயதில் எவ்வளவு புத்தி! நேற்று, "மாமா, கிருமிக்குக் காது இருக்கா?" என்றாள். "இருக்கு, ஆனா வலது பக்கம் மட்டும்தான்" என்றேன். அதையும் போய்ச் சொல்லியிருப்பாள்.

உன் அண்ணன்


மார்ச் 1

அண்ணனுக்கு,

கடிதம் ஒன்பது நாளில் வந்தது. நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து, கூட இருக்கிற பெண்கள் என்ன என்று கேட்டார்கள். படித்துக் காட்டினேன். "உங்க அண்ணன் பெரிய டாக்டரா?" என்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பார், உன் வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது.

நீ செய்வதும் நான் செய்வதும் ஒரே வேலைதான் போலிருக்கிறது. நீ கிருமிக்குச் சாயம் போடுகிறாய், நான் நூலுக்கு. எங்கள் ஆலையிலும் நிறத்தை நூலோடு கட்டிப்போட ஒரு மருந்து உண்டு. எங்களுக்கும் கடைசிக் கழுவில்தான் திட்டு விழும். நகக்கண்ணில் நீலம் ஏறிப் போகவே மாட்டேன் என்கிறது.

பிள்ளைக்குக் கண்டதையும் சொல்லிக்கொடுக்காதே. அவள் உன்னை அப்படியே நம்புகிறாள். சின்ன வயதிலிருந்து உன் வாயிலிருந்து "தெரியாது" என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. யாராவது வழி கேட்டால், நீ போகாத தெருவுக்குக்கூடக் கையை நீட்டி அனுப்பிவைப்பாயே! அந்த மனிதர்களெல்லாம் இன்னும் எங்கே சுற்றிக்கொண்டிருக்கிறார்களோ.

அவளுடைய அப்பா போன பிறகு அவளை விட்டுவிட்டு வர எனக்கு மனம் வந்தது நீ இருக்கிறாய் என்பதால்தான். டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிறது. என் பாஸ்போர்ட்டை ஆலை ஆபீசில் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். பத்திரமாகப் பார்த்துக்கொள். அவளைத்தான் சொல்கிறேன்.

தங்கை


மார்ச் 7

அன்புத் தங்கச்சிக்கு,

நேற்று அடித்த தந்தி கிடைத்திருக்கும். பயப்படாதே. தந்தியில் எழுத்து குறைவு, அதனால் பயம் அதிகம். விஷயம் இவ்வளவுதான். மூன்று நாளாகக் காய்ச்சல் அடித்தது. முந்தாநாள் காலை கழுத்தை வளைக்க முடியவில்லை, வெளிச்சத்தைப் பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டாள். தூக்கிக்கொண்டு ஓடினேன். வழியில் ஒரு பஸ்ஸை முந்தினேன் என்றால் நீ நம்பமாட்டாய், ஆனால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

மூளையைச் சுற்றியிருக்கிற சவ்வில் கிருமி இறங்கியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. முதுகெலும்பிலிருந்து ஊசி வைத்து நீர் எடுத்தார்கள். தெளிவாக இருக்க வேண்டிய நீர் கலங்கியிருந்தது. அந்தக் குப்பி யாரிடம் வரும்? என்னிடம்தானே. "நீங்க வேணாம், வேற யாராவது போடட்டும்" என்றார் டாக்டரம்மா. "அம்மா, என் மருமகளோடதை இன்னொருத்தன் தொட விடுவேனா?" என்றேன். அவருக்கும் அவசரம். விட்டுவிட்டார்.

தங்கச்சி, பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு கண்ணாடியை நான் போட்டதில்லை. அன்றைக்குப் போட்ட மற்ற ஏழு கண்ணாடிகளும் வழக்கம்போல நன்றாகத்தான் வந்தன. ஆனால் இதன் அழகே வேறு. எங்கும் ஒரு பொட்டு ஊதாக்கூட அப்பிக்கொண்டிருக்கவில்லை. பளிங்கு. சாட்சிப் பொட்டுகூட வைக்கவில்லை. அவள் கண்ணாடியில் கண்ட கிருமியைக் கொண்டுபோய்த் தடவுவேனா நான்?

டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்து, "சிவப்பு. குட்டைக் குச்சிகள்" என்றார். உடனே சிவப்புக்கு உள்ள மருந்தை ஏற்றிவிட்டார்கள். அரை மணிக்குள் நோய்க்குப் பெயர் வைத்தாயிற்று. நான் மட்டும் வேறு ஊரில் வேலை பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பார்.

அவளிடம், "மாமா உன் கிருமியைப் பிடிச்சுட்டேன்" என்றேன். கண்ணைத் திறக்காமலே, "காது இருந்துச்சா?" என்றாள். அவளுக்கு ஒன்றும் ஆகாது.

அண்ணன்


மார்ச் 8

அண்ணா,

தந்தியில் ஏழு சொல். எத்தனை தரம் படித்தாலும் ஏழுதான்.

காலையில் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். பத்து மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். மேற்பார்வைக்காரம்மா தந்தியை வாங்கிப் பார்த்துவிட்டு, "பிள்ளை உசிரோட இருக்குல்ல?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சாவுக்கு மட்டும்தான் ஒப்பந்தத்தில் விடுமுறை இருக்கிறதாம். அவள் கெட்டவள் இல்லை. தாளைத் திருப்பி அந்த வரியைக் காட்டினாள். என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். பீரோ அவள் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது. கையை நீட்டினால் எட்டும்.

திரும்பி வந்து தொட்டியில் நூலை இறக்கினேன். வேறு என்ன செய்வேன்?

என்ன கிருமி? என்ன மருந்து? என்னைக் கேட்கிறாளா? எதையும் பெரிதாக்காமல், எதையும் குறைக்காமல் எழுது. ஒரே ஒரு தரம், அண்ணா. எனக்காக.

தங்கை


மார்ச் 13

அன்புத் தங்கச்சிக்கு,

காய்ச்சல் இறங்கிவிட்டது. இரண்டாவது தந்தியில் சொல்லியிருந்தேன். இப்போது எழுந்து சாய்ந்து உட்காருகிறாள். கஞ்சி குடிக்கிறாள். வார்டே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. நர்சுகள் கை தட்டினார்கள். சரி, ஒரு நர்ஸ்.

நடுவில் ஒரு சின்னச் சங்கடம் நடந்தது. முதல் மருந்துக்குக் காய்ச்சல் அசையவில்லை. மூன்று நாளும் அனலாய்க் கொதித்தாள், பிதற்றினாள். அந்த நீரிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கிருமியை வளரவிட்டுப் பார்ப்பது வழக்கம். அது எட்டாம் தேதி வளர்ந்து நின்றது. பார்த்தால் ஊதா வகையாம். கனத்த மதில்காரன். அவனுக்கு முதல் மருந்து தண்ணீர் மாதிரியாம். உடனே மாற்றினார்கள். பத்தாம் தேதி இறங்க ஆரம்பித்தது.

கண்ணாடியில் ஏன் சிவப்பாகத் தெரிந்தது என்று கேட்பாய். சாயப் புட்டி பழசு. இந்த ஆஸ்பத்திரியில் ஒழுங்காக ஒரு புட்டி வாங்கி வைக்க ஆள் இல்லை. நான் எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். என்னைப் போன்ற ஒருவன் கையில் இப்படிப்பட்ட புட்டியைக் கொடுத்தால்! டாக்டரம்மாவும் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

மற்றபடி நல்ல சேதிதான். காது மட்டும் கொஞ்சம் மந்தமாக இருக்கிறது. உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. காய்ச்சலின் சூடு, நாளாக நாளாகத் தெளிந்துவிடும்.

அண்ணன்


மார்ச் 22

அண்ணனுக்கு,

உன் ஏழாம் தேதிக் கடிதத்தையும் பதின்மூன்றாம் தேதிக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பதினாலு மாதமாக நான் செய்கிற வேலை சாயம். புட்டி பழசானால் அன்றைக்கு அதில் தோய்த்த எல்லாமே வெளுக்கும். ஒரு நூல்கண்டு மட்டும் தனியாக வெளுக்காது. அன்றைக்குப் போட்ட மற்ற ஏழும் நன்றாக வந்தன என்று நீயே எழுதியிருக்கிறாய். அதே புட்டிதானே?

ஒன்று மட்டும் வெளுத்தால் அதற்கு ஒரே காரணம்தான். அதிகமாகக் கழுவியிருக்க வேண்டும். கனத்த நூலும் விட்டுவிடும், அளவு மீறிக் கழுவினால். ஒரு பொட்டு ஊதாக்கூட இல்லை, பளிங்கு என்று பெருமை அடித்தாயே! அதில்தான் இருக்கிறது எல்லாம்.

சாட்சி ஏன் வைக்கவில்லை?

எவ்வளவு நேரம் கழுவினாய்?

காது எவ்வளவு மந்தம்?

மூன்று கேள்வி. பஸ்ஸை முந்தின கதை வேண்டாம்.


மார்ச் 31

தங்கச்சிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. சாப்பாட்டு நேரத்தில், கழுவும் தொட்டிப் பக்கத்தில் நின்று படித்தேன்.

காது சுத்தமாகக் கேட்கவில்லை. இரண்டும். மந்தம் என்று நான் எழுதிய அன்றைக்கே எனக்குத் தெரியும். காதுக்கு உள்ளே இருக்கிற நரம்பு போய்விட்டது என்று மிஷின் வைத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். தாள் ஒன்று கொடுத்தார்கள். அதில் நேராக ஒரு கோடு கீழே போய்க்கொண்டே இருக்கிறது.

எவ்வளவு நேரம் கழுவினேன் என்று எனக்கே தெரியாது. அதுதான் விஷயம். பதினோரு வருஷமாகச் சொட்டைப் பார்க்கிறவன் அன்றைக்குச் சொட்டைப் பார்க்கவில்லை. கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஸ்பிரிட் விட்டேன். சொட்டு நிறமில்லாமல் விழுந்திருக்கும், நிறுத்தியிருக்க வேண்டும். ஓரத்தில் மங்கலாக ஏதோ இருக்கிற மாதிரித் தெரிந்தது. இவளுடையது சுத்தமாக இருக்க வேண்டும் என்று இன்னொரு தரம் விட்டேன். மறுபடி இன்னொரு தரம். அழுக்கு எதுவும் அவள்மேல் இருக்கக் கூடாது என்று முகம் கழுவிவிடுகிற மாதிரி கழுவினேன், தங்கச்சி.

சாட்சி வைக்க அந்தக் கிருமிப் புட்டியைக் கையில் எடுத்தேன். எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். கண்ணாடியில் தடவியது அவள் உடம்புக்குப் போகாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கை வரவில்லை. வைத்திருந்தால் அந்த ஊதாச் சாட்சியும் வெளுத்துக் காட்டிக்கொடுத்திருக்கும். டாக்டரம்மா, "திரும்பப் போடுங்க" என்றிருப்பார். ஐந்து நிமிஷ வேலை.

நேற்றே டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். "புட்டி நல்ல புட்டின்னு அன்னைக்கே தெரியும்" என்றார். "நீங்களா வந்து சொல்லணும்னு பார்த்தேன். சாட்சி இல்லாத கண்ணாடியை நான் பார்த்திருக்கவே கூடாது. நானும் அவசரத்துல பார்த்துட்டேன்." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "முதல் நாளே சரியான மருந்து போயிருந்தா காது தப்பிச்சிருக்குமா அம்மா?" என்று கேட்டேன். "சொல்ல முடியாது. இந்த நோயில சரியான மருந்து போட்டும் போனவங்க இருக்காங்க. தப்பிச்சவங்களும் இருக்காங்க" என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் விழுந்து அழுதிருப்பேன். இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பேன். இரண்டும் இல்லை.

சாயம் போடும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். நானே கேட்டேன் என்று எழுதத்தான் கை போகிறது. இல்லை, எடுத்துவிட்டார்கள். இப்போது கண்ணாடி கழுவுகிறேன். அதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கழுவலாம்.

அவளுக்கு இன்னும் நான் எதுவும் சொல்லவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 12

அண்ணா,

மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். உன்னைத் திட்டி எழுதியதும் கிழிந்தது, பரவாயில்லை என்று எழுதியதும் கிழிந்தது. பரவாயில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதை எதிர்பார்க்காதே.

மறுபடி ஆபீசுக்குப் போனேன். மிஷின்காரர்கள் கொடுத்த அந்தத் தாளை அனுப்பினால் மேலே கேட்டுப் பார்க்கிறேன் என்றாள் மேற்பார்வைக்காரம்மா. காது போவது சாவு இல்லையே என்று அவளே சொல்லிக்கொண்டாள், என்னிடம் அல்ல, ஜன்னலைப் பார்த்து. தாளை அனுப்பு. கிடைக்காது. இருந்தாலும் அனுப்பு.

நான் போய் நின்று கத்துவதற்கு இங்கே யாரும் இல்லை. உன்மேல் கத்தலாம் என்றால் ஒன்பது நாள் ஆகிறது. போய்ச் சேருவதற்குள் ஆறிவிடுகிறது.

ஒன்று கேட்கிறேன். அவளோடு யார் பேசுகிறார்கள்? அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். சிலேட்டில் எழுதிக் காட்டுங்கள். உன் அண்டப்புளுகையெல்லாம் எழுதியாவது காட்டு, சும்மா மட்டும் உட்காரவைக்காதே. ஆனால் நடந்ததை அவளுக்கு நீதான் சொல்ல வேண்டும். டிசம்பரில் வந்து நான் சொல்கிற மாதிரி வைக்காதே. அது ஒன்றுதான் நான் உன்னிடம் கேட்பது.

தங்கை


ஏப்ரல் 24

தங்கச்சிக்கு,

தாளை இதனுடன் வைத்திருக்கிறேன்.

சிலேட்டு வாங்கிவிட்டேன். உன் அண்ணியும் நானும் எழுதுகிறோம், அவள் வாயால் பதில் சொல்கிறாள். தன் சத்தம் தனக்குக் கேட்காததால் எல்லாவற்றையும் கத்திச் சொல்கிறாள். பக்கத்து வீட்டில் பதில் சொல்கிறார்கள். என் எழுத்தில் பிழை திருத்துகிறாள். "மாமா, நீ எத்தனாவது படிச்ச?" என்று கத்தினாள். எட்டு என்று எழுதினேன். "எட்டாவது படிச்சுட்டா இப்படி எழுதுற!" என்றாள். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா, பார்க்கவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் காது மருத்துவரிடம் காட்ட அவளைக் கூட்டிப் போயிருந்தேன். வெளிக்கூடத்தில் வரிசை. இருபத்து மூன்று பேர். பெருக்கிச் சொல்லவில்லை, எண்ணினேன். பெஞ்சில் பக்கத்தில் ஒரு அம்மா, கைக்குழந்தையோடு. வாயாடி அவரைப் பார்த்து, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "எங்க மாமா இங்கதான் சாயம் போடறாரு! என் கிருமியைக் கண்டுபிடிச்சதே அவருதான்! அவரு இல்லேன்னா நான் செத்திருப்பேன்!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பரிசோதனைக்கூடத்து ஆட்கள் இரண்டு பேர் அங்கே நின்றிருந்தார்கள். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். "மெதுவா பேசும்மா" என்றேன். யாருக்குக் கேட்கும்? கையைப் பிடித்தேன். அவள் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு தரம் சொன்னாள். அந்த அம்மா என்னைக் கும்பிட்டார். என் ஆயுசில் யாரும் என்னைப் பற்றி இத்தனை பேர் முன்னால் இப்படிச் சொன்னதில்லை. நானே என்னைப் பற்றிச் சொன்னதோடு சரி.

சிலேட்டை வாங்கினேன். எழுதினேன், ஈரத்துணியால் அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன். நாலாவது தரம் அழிக்கவில்லை. இப்படித்தான் எழுதினேன்: "உன் கிருமி ஊதா. மாமா அதிகமாகக் கழுவியதால் சிவப்பாகத் தெரிந்தது. சாட்சி வைக்கவில்லை. அதனால் மூன்று நாள் தப்பான மருந்து போனது."

விரலை வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. படித்து முடித்துத் திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், சிலேட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சாட்சி வெச்சிருந்தா எனக்குக் காது கேட்டிருக்குமா?"

கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது.

சொல்வதற்கு என்னிடம் நூறு கதை இருந்தது. கேட்டிருக்கும் என்று ஒரு கதை. கேட்டிருக்காது என்று ஒரு கதை. டிசம்பருக்குள் தானாகத் திரும்பி வரும் என்று ஒரு கதை. அதைத்தான் அவள் நம்பியிருப்பாள். சிலேட்டைத் துடைத்தேன். ஒரே சொல் எழுதிக் கொடுத்தேன்.

"தெரியாது."

வெகுநேரம் அதையே பார்த்தாள். புரியாத எழுத்தைப் பார்க்கிற மாதிரி. அப்புறம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, கூடமே கேட்க, கேட்டாள்:

"மாமா, உனக்குத் தெரியாதது கூட இருக்கா?"

உள்ளேயிருந்து எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவளுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டும் எழுந்திருக்க முடியவில்லை.

அண்ணன்